பாலூட்டும் தாயும் உடல் எடையும்: நீலகிரித் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் பிள்ளை பெற்ற பெண்களும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் அம்மா, மாமியார், கணவர் ஆகியோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பிரசவத்துக்குப் பிறகு எடை குறைப்பது பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் நகரத்துப் பெண்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. இந்த மலையிலோ, கர்ப்பத்தில் ஏறிய எடையை இறக்க வழி தெரியாமல் தவிக்கும் தாயும், தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து இரத்தசோகையோடு பிள்ளை பெற்று இன்னும் எடை கூட வேண்டிய நிலையில் இருக்கும் தாயும் ஒரே மருத்துவமனை வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. கீழே உள்ளவற்றைப் படிக்கும்போது, தாம் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீடு. இந்தியர்களுக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்றும், 23-ஐத் தாண்டினால் அதிக எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் கொள்கிறார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இது முறையே சுமார் 44, 55, 60 கிலோ ஆகும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த எடை தாய்சேய் நல அட்டையில் எழுதப்பட்டிருக்கும். அதை வைத்துக் கணக்கிடுவதே சரி. பிள்ளை பெற்ற வாரத்து எடையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எடைக்குறைவுப் பக்கம் இருப்பவர்கள் இப்பக்கத்தில் எடை குறைப்பது பற்றிச் சொல்லப்படும் எதையும் பின்பற்றத் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியவை கூடுதல் உணவும், தவறாமல் இரும்புச்சத்து மாத்திரையும், ஓய்வும்தான்.

குழந்தை பிறந்து பல நாட்களாகியும் வயிறு ஐந்து மாத வயிறாகவே தெரிகிறது. எப்போது எடை குறைக்கத் தொடங்கலாம்?

பிரசவத்தின்போதே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குடநீர், இரத்தம் எனச் சுமார் ஐந்து, ஆறு கிலோ குறைந்துவிடுகிறது. கர்ப்பத்தில் உடலில் தேங்கிய நீர் அடுத்த சில வாரங்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறுகிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். ஆகவே முதல் ஆறு வாரத்தில் தெரியும் வயிறு முழுவதும் கொழுப்பு அன்று. அந்த நாட்களில் எடைபார்க்கும் கருவியின் பக்கமே போகாமல் இருப்பது மனத்துக்கும் பாலுக்கும் நல்லது என்பது எங்கள் கருத்து.

ஆறு வாரப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்து, குழந்தையின் எடையும் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால், அதிக எடை உள்ள தாய் மெல்லத் தொடங்கலாம். வாரத்துக்கு அரைக் கிலோ, அதாவது மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மிகாமல் குறைவது பாதுகாப்பானது. ஒன்பது மாதத்தில் ஏறியது ஒரு வருடத்தில் இறங்கினால் போதும். திருமணத்துக்கோ காதுகுத்துக்கோ நாள் குறித்துக்கொண்டு குறைக்க முயல்வது வேண்டாம்.

பாலூட்டினாலே எடை தானாகக் குறைந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. முழுமையாகத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளில் சராசரியாக முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் சுரக்கிறது. நூறு மில்லியில் ஏறத்தாழ 67 கலோரி என்று வைத்தால், பாலில் மட்டும் 500 கலோரி வெளியே போகிறது. அதைச் சுரக்கச் செய்ய உடல் செலவழிப்பது தனி. எனவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரியும் அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்று 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் குறிப்பிடுகிறது.

இவ்வளவு செலவாகியும் பலருக்கு எடை குறையாததற்குக் காரணம் உண்டு. பாலூட்டும்போது பசியும் கூடுகிறது. இரவு விழிப்பு அந்தப் பசியை இனிப்பின் பக்கம் இழுக்கிறது. அதோடு, "பிள்ளைக்குப் பால் ஊற வேண்டும்" என்று வீட்டில் நெய்யும் கருப்பட்டியும் அளவில்லாமல் சேர்கின்றன. கூடுதல் 600 கலோரி என்பது மூன்று வேளை உணவோடு ஒரு தட்டு உணவும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்த அளவுதான். இரண்டு ஆளுக்கான சாப்பாடு அன்று. பாலூட்டுவதால் எடை குறையும் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது, பெரும்பாலும் சிறியதாகவே இருக்கிறது. ஆனால் பாலூட்டும் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவும் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் குறைகிறது. எடையைக் காட்டிலும் இது பெரிய லாபம்.

சாப்பாட்டைக் குறைத்தால் பால் வற்றிவிடாதா?

பட்டினி கிடந்தால் தாய் தளர்ந்துபோவாள். மிதமாகக் குறைத்தால் பால் குறைவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அதிக எடை கொண்ட 40 பாலூட்டும் தாய்மார்களில் ஒரு பகுதியினர், பிரசவம் ஆன நான்காம் வாரத்திலிருந்து நாளுக்கு 500 கலோரி குறைத்து, வாரம் நான்கு நாள் உடற்பயிற்சியும் செய்தனர். பத்து வாரத்தில் அவர்களுக்கு வாரம் அரைக் கிலோ வீதம் எடை குறைந்தது. அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சிக்கும் மற்றக் குழந்தைகளின் வளர்ச்சிக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் நன்றாக உண்டு வளர்ந்தவர்கள், எடை கூடுதலாக இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஒல்லியான தாய் அதே 500 கலோரியைக் குறைத்தால் அது அவளுடைய எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும்தான் போகும். யாராக இருந்தாலும் பாலூட்டும் காலத்தில் ஒரு நாள் உணவு 1,800 கலோரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எல்லை வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பால் பற்றவில்லை என்று மாமியார் சொல்கிறார். எப்படி உறுதி செய்வது?

இங்கு நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மார்பு தொளதொளவென்று இருப்பதும், குழந்தை அடிக்கடி அழுவதும், பிழிந்தால் சொட்டுச் சொட்டாக வருவதும் பால் பற்றாமைக்கு அடையாளம் அல்ல. குழந்தை சாயங்காலத்தில் விடாமல் பால் கேட்பது இயல்பு. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்கும்.

பார்க்க வேண்டியவை வேறு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். அது வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். முதல் சில நாட்களில் குழந்தையின் எடை ஏழு, எட்டு சதவீதம் வரை குறைவது வழக்கம். அது பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும், இரண்டு வாரமாகியும் பழைய எடை எட்டாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குளிரில் போட்ட ஸ்வெட்டர், குல்லா, காலுறை ஆகியவற்றோடு ஒரு வாரம் எடை பார்த்து, மறு வாரம் வெறும் சட்டையோடு பார்த்துவிட்டு, "பிள்ளை இளைத்துவிட்டது" என்று பதறி வருகிறவர்கள் உண்டு. எடை பார்க்கும்போது துணியில்லாமல், ஒரே தராசில் பாருங்கள்.

உண்மையிலேயே பால் குறைவாக இருந்தாலும் முதல் மருந்து, அடிக்கடி மார்பில் போடுவதே. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு வேகமாகப் பால் ஊறும். புட்டிப்பாலை இடையில் நுழைத்தால் குழந்தை மார்பில் இருக்கும் நேரம் குறைந்து, சுரப்பும் குறைந்துவிடும். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில் அதிகமாக இருப்பதால், தாய் தூங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் இரவுப் பாலை நிறுத்துவதும் தொடக்க வாரங்களில் சரியன்று.

பால்பவுடர் டப்பாக்களை விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. யாராவது இலவசமாக டப்பா நீட்டினால், அவர் சட்டத்துக்குப் புறம்பான வேலையைச் செய்கிறார் என்று பொருள். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவரே எழுதிக் கொடுப்பது வேறு. அப்போதும் புட்டியை விடப் பாலாடையே (பால் புகட்டும் சங்கு) நல்லது.

பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் கொடுக்கலாமா?

கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். முதல் நாளில் குழந்தையின் இரைப்பை ஒரு தேக்கரண்டி அளவுதான் கொள்ளும் என்பதால், சில சொட்டுச் சீம்பாலே போதுமானது. சேனை வைப்பதும் உரைமருந்து புகட்டுவதும் தொற்றுக்கு வழிவகுக்கும். தேனோ ஒரு வயது வரை நாக்கில் படவே கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீரும் வேண்டியதில்லை, கூடலூர்ப் பக்கத்து வெயிலிலும்கூட.

காம்பு வெடித்து உயிர் போகிற வலி. பாலை நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதற்கு முன் குழந்தை கவ்வும் விதத்தைப் பாருங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம்.

மலைப்பகுதியில் இதற்கென ஒரு தனித் தொல்லை இருக்கிறது. தாய் ஒரு ஸ்வெட்டரும் அதன்மேல் சால்வையும் போட்டிருப்பாள். குழந்தை கம்பளியில் கைகால் தெரியாமல் சுற்றப்பட்டிருக்கும். குளிர் படக்கூடாது என்று தாய் ஆடையைச் சிறிதளவே விலக்கிக் காம்பை மட்டும் நீட்டுவாள். இருவருக்கும் நடுவே நான்கு விரல் தடிமனுக்குக் கம்பளி. குழந்தை கழுத்தை எட்டி, நுனியைப் பிடித்துத் தொங்குகிறது. மூன்றாம் நாள் வெடிப்பு.

நடுவில் உள்ள கம்பளியை எடுத்துவிட்டு, இருவரையும் சேர்த்து வெளியிலிருந்து போர்த்துங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் இதற்கு வசதி. குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டி, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடித்து, காம்பால் மேலுதட்டை வருடினால், கொட்டாவி விடுவதைப் போல் வாய் அகலத் திறக்கும். அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோக வேண்டாம். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டம் கீழே உள்ளதைவிட மேலே அதிகம் தெரிந்து, கன்னத்தில் குழி விழாமல் இருந்தால் பிடி சரி. முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தால், சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி தொடங்குங்கள். பாலூட்டி முடித்ததும் ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடலாம். சிசேரியன் ஆனவர்கள் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தின் பக்கமாக வைத்தோ கொடுத்தால் தையலில் பாரம் விழாது.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தால்?

பாலூட்டுவதைத் தொடருங்கள், அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்ப்பது இங்கு வழக்கமாக இருந்தாலும், பலமாகத் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டிவிடும். பாலூட்டி முடித்த பின் குளிர்ந்த துணியை வைப்பது வலிக்கு இதமானது. 24 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிட்டாலோ, ஓரிடம் சிவந்து கல்லாக இறுகினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

பத்தியம் எவ்வளவு நாள்? தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்பது சரியா?

தண்ணீருக்கும் வயிறு பெருப்பதற்கும் தொடர்பில்லை. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்காமல் நாக்கை வறள விடுவது, மலச்சிக்கலையும் சிறுநீர்த் தொற்றையும் உண்டாக்குவதோடு சரி. குளிரில் தாகம் தெரியாது என்பதால் உதகைப் பக்கத்துத் தாய்மார்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீரை வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் இரவில் அடுப்பங்கரைக்கு எழுந்து போக வேண்டியதில்லை.

பத்தியச் சாப்பாட்டில் பெரும்பகுதி நல்ல உணவுதான். பூண்டு, மிளகு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு, உளுந்தங்களி, வெந்தயக்களி எல்லாம் புரதமோ இரும்போ சுண்ணாம்போ தருபவை. இவற்றால் பால் பெருகும் என்பதற்கு உறுதியான சான்று குறைவு. ஆனாலும் உண்பதால் தவறொன்றும் இல்லை. குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, விலக்குவது. காய், பழம், பருப்பு எல்லாம் "பிள்ளைக்கு மாந்தம், சளி" என்று தள்ளப்பட்டு, நாற்பது நாளும் சோறும் பூண்டுக்குழம்புமாகக் கழிகிறது. கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் தோட்டத்தில் இருந்து நேராக மார்க்கெட்டுக்கு வரும் மாவட்டத்தில், பிள்ளை பெற்றவளின் தட்டில் மட்டும் அவை இல்லை என்பது வருத்தமான விஷயம். தாய் முட்டைக்கோஸ் சாப்பிட்டால் குழந்தைக்கு வாயு வரும் என்பதும் சரியன்று. வாயு குடலில் உண்டாவது, பாலுக்குள் வருவதில்லை.

இரண்டாவது, அளவு. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. களியில் நடுவே குழி செய்து ஊற்றுவது ஒரு கரண்டியோடு நிற்பதில்லை. லேகியம் நெல்லிக்காயளவு என்பது வழக்கு. கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்தது என்பதால் எலுமிச்சையளவாக அதை வளர விட வேண்டாம். எடை கூடுதலாக உள்ள தாய், களியை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணெயையும் கருப்பட்டியையும் பாதியாக்கினாலே நாளுக்கு 300 கலோரி வரை குறையும். எடை குறைவாக உள்ள தாய்க்கு அதே களி முழு அளவில் இருக்கட்டும்.

ஒரு காலத்தில் இந்த மலையில் சாமையும் கேழ்வரகும் அன்றாட உணவாக இருந்தன. இன்று ரேஷன் அரிசி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாள் தேவை 1,200 மில்லிகிராம். இரவில் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களியும், படகர் வீடுகளில் வைப்பது போன்ற அவரைக் குழம்பும், ஒரு முட்டையும் இருந்தால் எடை குறைப்பவருக்கும் கூட்டுபவருக்கும் பொதுவான நல்ல உணவு அது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைக் கோழிக்குப் போடாமல் தாயே சாப்பிட வேண்டும். இரும்பு-ஃபோலிக் மாத்திரையும் சுண்ணாம்பு மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை தொடர வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். சுண்ணாம்பு, இரும்பை உடலில் சேர விடாது.

டீ குடிக்கலாமா?

நீலகிரியில் இதைக் கேட்காமல் இருக்க முடியுமா? குடிக்கலாம். நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீன் வரை பாலூட்டும் தாய்க்குப் பொதுவாகத் தீங்கில்லை. ஒரு கோப்பைத் தேநீரில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். மூன்று கோப்பையோடு நிறுத்துவது நல்லது. சாப்பிட்ட உடனேயோ, மாத்திரையோடோ குடித்தால் தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எடையை ஏற்றுவது பெரும்பாலும் தேநீர் அன்று, அதில் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் அதோடு வரும் வர்க்கியும்தான். மைதா, கொழுப்பு, சர்க்கரை மூன்றும் சேர்ந்த வர்க்கியை நாலு மணிக்கு இரண்டு, விளக்கு வைத்தபின் இரண்டு என்று சாப்பிட்டுவிட்டு, "நான் சோறே தொடுவதில்லை, எப்படி எடை ஏறுகிறது" என்று கேட்கிறவர்களுக்கு விடை அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் வேர்க்கடலையோ சுண்டலோ வைத்துப் பாருங்கள்.

மார்கழிக் குளிரில் பிரசவ அறையில் கரி அடுப்பு வைக்கலாமா?

மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிர்காலத்தில் இந்த மலையில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குழந்தைக்குச் சிறந்த வெப்பம் தாயின் உடம்பே. டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கிடத்தி, மேலே போர்த்துவது கங்காரு முறை; இது குழந்தையின் சூட்டைக் காப்பதோடு பாலையும் பெருக்குகிறது. அப்பாவும் இதைச் செய்யலாம். பால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அவராலும் முடியும்.

பனியும் மேகமும் கம்பளியும் சேர்ந்து வெயில் உடம்பில் படாத ஊர் இது என்பதால், குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்தை மருத்துவர் சொன்னபடி முதல் பிறந்தநாள் வரை கொடுங்கள்.

வயிற்றைத் துணியால் கட்டினால் இறங்குமா? எப்போது நடக்கலாம்?

துணி கட்டுவதால் முதுகுக்குத் தாங்கல் கிடைக்கும், கொழுப்புக் கரையாது. மூச்சு முட்டும்படி இறுக்கினால் அடிவயிற்றில் அழுத்தம் கூடி, கருப்பை இறக்கம் உள்ளவர்களுக்குச் சிரமமாகும். உள்ளிருந்து தாங்கும் தசைகளைப் பலப்படுத்துவதே வழி. சிறுநீரை அடக்குவது போன்று அடித்தளத் தசையைச் சுருக்கி ஐந்து நொடி பிடித்து விடுவது, மூச்சை வெளிவிட்டபடி தொப்புளை உள்ளிழுப்பது ஆகியவற்றைச் சுகப்பிரசவம் ஆனவர்கள் சில நாட்களிலேயே படுத்தபடி செய்யத் தொடங்கலாம். படுத்துத் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவே மேடு கூம்பினால் தசை விலகியிருக்கிறது. அவர்கள் எழுந்து உட்காரும் வகை வயிற்றுப் பயிற்சிகளைத் தவிர்த்து, பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டும்.

நடைதான் முதன்மை. சமவெளியில் அரை மணி நடப்பதும் இங்கே அரை மணி நடப்பதும் ஒன்றல்ல; வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே ஐம்பது படி ஏற வேண்டிய வீடுகள் குன்னூரில் எத்தனையோ. முதலில் சமமான பாதையில் பத்து நிமிடம், பிறகு இறக்கம், கடைசியாக ஏற்றம் என்று கூட்டுங்கள். ஏறும்போது பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்கட்டும். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமானதைத் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், விறகுக்கட்டு, கொழுந்து மூட்டை எல்லாம் இதில் அடங்கும். நின்றிருந்த உதிரம் திரும்பச் சிவப்பாகப் போனால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். வாரத்தில் 150 நிமிட மிதமான நடையை மூன்று, நான்கு மாதத்தில் எட்டினால் போதும். உடற்பயிற்சியால் பால் புளித்துப்போகாது.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையும் உதிரப்போக்கு, துர்நாற்றம், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், கண்மங்கலோடு கூடிய தலைவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மழையில் மலைப்பாதை அடைபடும் மாதங்களில் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

எடை குறைக்கும் மாத்திரை, பொடி, ஊசி?

பாலூட்டும் காலத்தில் எதுவும் வேண்டாம். மூலிகை என்று விற்கப்படுவதற்கும் இதே பதில்தான்.

சரியாகத்தான் சாப்பிடுகிறேன், இருந்தும் எடை ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

தைராய்டைப் பரிசோதியுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, பிறகு வேலை குறைந்துபோகிறது. களைப்பு, முடி உதிர்வு, குளிர் தாங்காமை எல்லாம் பிள்ளை பெற்ற எவருக்கும் உள்ளவை என்பதால், அதுவும் உதகைக் குளிரில், இது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பாலூட்டலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்து இரத்தம் கொடுக்கும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

எனக்கு அரிவாள் செல் நோய் உள்ளது. பாலூட்டலாமா?

இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் இது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் இந்நோய் காணப்படுவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலூட்டலாம். ஆனால் பட்டினி, தாகம், குளிர் மூன்றும் வலிநோவைத் தூண்டக்கூடியவை. எனவே எடை குறைப்பு முயற்சியில் தாமாக இறங்கக் கூடாது. இரும்பு மாத்திரையையும், ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்துகளையும் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே எடுக்க வேண்டும். பொதுவாகவே உயரமான ஊரில் வாழ்பவருக்கு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், 12-ஐத் தொட்டுவிட்டது என்று இங்குள்ள எந்தத் தாயும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எஸ்டேட் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாலை எப்படித் தொடர்வது?

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தோட்டத் தொழிலாளருக்கும் இது பொருந்தும். திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் நாளுக்கு இரண்டு முறை பாலூட்ட இடைவேளை கேட்கலாம். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வரும் விதி. சிறு விவசாயிகளின் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு நடைமுறையில் இதெல்லாம் எட்டுவதில்லை. அவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியே கைகொடுப்பது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்து 18,000 ரூபாய். கிராமச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்தவர்கள், தவணை வந்துள்ளதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பீய்ச்சி எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாட்களும் வைக்கலாம். உதகையில் அறையே குளிராக இருக்கிறது என்பதற்காக நான்கு மணி நேரத்தை நீட்டிக்க வேண்டாம். உறைந்து உருகிய பாலை ஒரு நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே கொதித்துவிடும் என்பதால், குடிநீரை மூன்று நிமிடமும், பாலாடை, பம்ப் பாகங்கள் ஆகியவற்றைப் பத்து நிமிடமும் கொதிக்க விடுங்கள். கொழுந்துக்கு மருந்து அடித்த அன்று, உடை மாற்றி, கையையும் மார்பையும் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது; கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முதல் வாரத்தில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே ஓய்ந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கம் இல்லாமல் போனால், குழந்தையின் மேல் ஒட்டுதலே தோன்றாவிட்டால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. உங்கள் குணக்கேடு அன்று. பாலூட்டும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சுற்றத்தாருக்கு ஒன்று: பார்க்க வருகிறவர்கள் தாயின் உடம்பைப் பற்றி, "ஊதிவிட்டாயே" என்றோ "இளைத்துவிட்டாயே" என்றோ எதுவும் பேசாமல், ஒரு வாளித் துணியைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் போனால் அது பேருதவி.

பாலூட்டும் வரை கரு தங்காது என்பது சரியா?

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் மட்டுமே 98 சதவீதம் வரை பாதுகாப்பு. இதில் ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும்.

பாலை மறக்கடித்தால் எடை மறுபடி ஏறுமா?

ஏற வாய்ப்புண்டு. இரண்டு வயதும் அதற்கு மேலும் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எப்போது நிறுத்தினாலும், பாலாகப் போய்க்கொண்டிருந்த கலோரி அன்றோடு நின்றுவிடும்; ஆனால் கூடுதலாகச் சாப்பிட்டுப் பழகிய வயிறு அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கூழும் சோறும் கூடக் கூட, உங்கள் கூடுதல் தட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். முதலில் இரவில் குடிக்கும் இனிப்புப் பால், பிறகு மாலைப் பலகாரம் என்று கழிக்கலாம். பருப்பு, முட்டை, கீரை, காய் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். குழந்தை மிச்சம் வைத்த கிண்ணத்தை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தையும் அப்போதே விட்டுவிடுங்கள்.